கணினி உயிர்க்கவில்லையா? கடைக்குக் கொண்டுபோகும் முன் நீங்களே பார்க்கக்கூடியவை

ஐப்பசி மாதத்து ஒரு காலை. கடையைத் திறந்து வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது ஓட்டோ ஒன்று வந்து நின்றது. பின் ஆசனத்தில் ஓர் அம்மா இருந்தார். பழைய சேலையால் சுற்றிய கணினிப் பெட்டியொன்றை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“தம்பி, முந்தநாள் இடி இடிச்சதோட இது நிண்டு போச்சு. ரவுனில ஒரு கடையில காட்டினன். போட் எரிஞ்சு போச்சாம், புதுசு வாங்கட்டாம். பழசை விட்டிட்டுப் போனா விலையில கழிச்சுத் தருவினமாம்.”

“அப்ப ஏனம்மா இஞ்ச கொண்டு வந்தனீங்கள்?”

“உள்ளுக்க என்ர பிள்ளையின்ர படம் கிடக்கு.”

அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார். 2009 இற்குப் பிறகு மகனைக் காணவில்லை. இடம்பெயர்ந்த வழியெல்லாம் ஒரு பொலித்தீன் பையைக் கைவிடாமல் கொண்டுவந்திருக்கிறார். அதற்குள் மகனின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, பள்ளிக்கூடத்தில் எடுத்த படம். பிறகு கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகளும் அந்தப் பைக்குள்ளேயே சேர்ந்தன. 2010 இல் நல்லிணக்க ஆணைக்குழு வந்தபோதும், 2013 இல் அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவின் முன்னும், 2018 இல் காணாமற்போனோர் அலுவலகம் இயங்கத் தொடங்கிய பின்னும் அதே பையோடுதான் போனார். பேத்தி உயர்தரம் படித்த காலத்தில் எல்லாவற்றையும் ஸ்கான் செய்து இந்தக் கணினியில் போட்டு வைத்தாள். அதன் பிறகு பெட்டகத்தைக் கறையான் அரித்துவிட்டது. படமும் போனது. பேத்தி இப்போது வெளிநாட்டில். மிச்சம் இருப்பது இந்தப் பெட்டிக்குள் இருப்பது மட்டும்தான்.

கிளிநொச்சியில் கணினி திருத்தும் தொழிலில் இருப்பவன் நான். இப்படி வருபவர்கள் அதிகம். கலியாண வீட்டுப் படங்கள், காணி உறுதியின் பிரதி, செத்துப்போன தகப்பனின் குரல் என்று எங்கள் சனத்தின் கணினிகளுக்குள் கிடப்பவை வேறு எங்கும் இல்லாதவை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மேசைக் கணினி உயிர்க்காமல் போனால் முதலில் என்ன பார்ப்பது, எதைத் தொடக்கூடாது, எந்த இடத்தில் நிறுத்தி ஒரு திருத்துநரிடம் கொடுப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

பெட்டி செத்தாலும் படம் சாகாது

முதலில் மனதை ஆற்றிக்கொள்ள ஒரு விடயம். கணினி உயிர்க்கவில்லை என்பதும் அதற்குள் இருக்கும் படங்கள் அழிந்துவிட்டன என்பதும் ஒன்றல்ல. படங்களும் கடிதங்களும் இருப்பது வன்தட்டு என்று சொல்லப்படும் ஹார்ட் டிஸ்க்கில். மின்சாரத்தைக் கொடுப்பது பவர் சப்ளை. இரண்டும் வேறு வேறு பாகங்கள். வீட்டின் மெயின் சுவிச் எரிந்தால் அலுமாரிக்குள் இருக்கும் உடுப்பு எரிவதில்லை அல்லவா? அதுபோலத்தான்.

மின்னல் தாக்கத்தில் சில வேளை வன்தட்டின் சுற்றும் சேர்ந்து பழுதாவது உண்டு. ஆனால் நான் திறந்து பார்த்த பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் வன்தட்டு தப்பியே இருந்தது. ஆகவே பழைய பெட்டியை விலை கழித்து விற்பதற்கோ, ‘போமட்’ அடித்துத் தருகிறோம் என்பவரிடம் விடுவதற்கோ முன் ஒரு தடவை யோசியுங்கள். பெட்டியை விற்றாலும் வன்தட்டைக் கழற்றி உங்களோடு வைத்திருங்கள்.

சைக்கிள் டைனமோ சொல்லித்தந்த பாடம்

நான் வளர்ந்தது மின்சாரம் இல்லாத காலத்தில். பொருளாதாரத் தடை இருந்தது. கடைகளில் பற்றரி கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோ கேட்டோம். செய்தி நேரத்தில் றேடியோ பேசாவிட்டால் அப்பா றேடியோவைத் திறக்கமாட்டார். முதலில் டைனமோ ரயரில் முட்டுகிறதா என்று பார்ப்பார். பிறகு வயரை விரலால் தடவிக்கொண்டே வருவார். முடிச்சுப் போட்ட இடங்களை இறுக்குவார். கடைசியில்தான் றேடியோ.

கணினிக்கும் முறை இதுதான். மின்சாரம் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போகிறதோ அந்த வழியிலேயே நாங்களும் நடக்க வேண்டும். சுவர், பிளக், வயர், யு.பி.எஸ்., பவர் சப்ளை, மதர்போட், பிறகு மற்றவை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பழுது என்று கடைசிவரை தெரியாது.

உண்மையிலேயே உயிர் இல்லையா?

‘கணினி வேலை செய்யவில்லை’ என்று வருபவர்களிடம் நான் கேட்கும் முதற்கேள்வி: ஆளியை அமத்தினால் என்ன நடக்கிறது?

ஒன்று, ஒன்றுமே நடக்காது. விசிறி சுற்றாது, லைட் எரியாது. இது மின்சாரம் போய்ச் சேராத நோய்.

இரண்டு, விசிறி ஒரு கணம் அசைந்து நின்றுவிடும். எங்கோ ஷோட் இருக்கிறது அல்லது பவர் சப்ளை களைத்துவிட்டது. ஷோட் இருந்தால் பவர் சப்ளை தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும்.

மூன்று, விசிறி நன்றாகச் சுற்றும், லைட்டும் எரியும், ஆனால் திரையில் ஒன்றும் வராது. இதை மின்சாரப் பழுது என்று சொல்ல முடியாது. மொனிட்டரின் வயர், றாம், கிராபிக்ஸ் காட் ஆகியவற்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். மொனிட்டரின் ஆளியை அமத்த மறந்தவர்களும் ஓட்டோ பிடித்து வந்திருக்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான்கு, பீப் பீப் என்று சத்தம் வரும். அது நல்ல சகுனம். மதர்போட் உயிரோடு இருந்து, எங்கே நோ என்று சொல்ல முயல்கிறது. எத்தனை தரம், நீளமா குறுக்கமா என்று எண்ணி எழுதி வைத்துக்கொண்டு வாருங்கள். திருத்துபவருக்கு அது பெரிய உதவி.

பெட்டியைத் திறக்காமல் பார்க்க வேண்டியவை

சுவர்ச் செருகியில் கணினியைக் கழற்றிவிட்டு, நன்றாக வேலை செய்யும் போன் சார்ஜரையோ மேசை விளக்கையோ போட்டுப் பாருங்கள். அதுவும் எரியாவிட்டால் பழுது கணினியில் இல்லை. இடி இடித்த பிறகு ட்ரிப் சுவிச் விழுந்திருக்கலாம்.

அடுத்தது பிளக். சதுர முனை மூன்றுள்ள 13 அம்பியர் பிளக்கிற்குள் சிறிய குழாய் போல ஒரு பியூஸ் இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகு அந்தப் பியூசை எடுத்து மாற்றிப் பார்க்கலாம். ஒரு தேத்தண்ணிக் காசில் முடிகிற பழுதுக்காக மதர்போட் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். பியூசிற்குப் பதிலாக வெள்ளீயத் தாளையோ வயரையோ சுற்றி வைக்காதீர்கள். வீடு எரியும்.

பிறகு வயர். மொனிட்டருக்கும் கணினிக்கும் வருவது பெரும்பாலும் ஒரே மாதிரியான வயர்தான். மொனிட்டர் எரிகிறதென்றால் அதன் வயரைக் கழற்றிக் கணினிக்குப் போட்டுப் பாருங்கள். எலி கடித்த இடம், கதிரைக் கால் ஏறிய இடம் உண்டா என்று வயரின் முழு நீளத்தையும் பாருங்கள்.

எக்ஸ்டென்சன் வயரையும் யு.பி.எஸ்.ஸையும் விலத்தி, கணினியை நேரே சுவரில் கொடுங்கள். யு.பி.எஸ்.ஸிற்குள் இருக்கும் பற்றரி சில ஆண்டுகளில் செத்துவிடும். எங்கள் பக்கத்து வெக்கைக்கு இன்னும் கெதியில் சாகும். பற்றரி செத்த யு.பி.எஸ். சில வேளை மின்சாரம் இருக்கும்போதும் வெளியே ஒன்றும் கொடுக்காது.

இனிப் பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். வயர் சொருகும் இடத்திற்குப் பக்கத்தில் சிறிய ஆளி ஒன்று இருக்கும். அதில் கோடும் வட்டமும் போட்டிருக்கும். கோட்டுப் பக்கம் அமர்ந்திருந்தால்தான் மின்சாரம் உள்ளே போகும். வீடு கூட்டும்போது தும்புத்தடி பட்டு அது மாறிப்போவது நான் அடிக்கடி காணும் பழுது. பழைய பவர் சப்ளைகளில் 115, 230 என்று எழுதிய சிவப்பு ஆளியும் இருக்கும். எங்கள் நாட்டு மின்சாரம் 230 வோல்ற். பிள்ளைகள் விளையாட்டாக அதை 115 இற்குத் தள்ளி, பிறகு மின்சாரத்தைக் கொடுத்தால் பவர் சப்ளை வெடிச்சத்தத்துடன் போய்விடும். அது 230 இல் இருக்கிறதா என்று பார்த்து, மேலே ஒரு துண்டு ரேப் ஒட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வைத்தியம். வயரை முழுதாகக் கழற்றிவிட்டு, முன்பக்க ஆளியை அரை நிமிடம் அமத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரம் வடிந்துவிடும். மின்வெட்டு வந்து போன பிறகு, அல்லது மின்சாரம் கூடிக் குறைந்த பிறகு, சில பவர் சப்ளைகள் தம்மைத் தாமே பூட்டிக்கொள்ளும். வடித்துவிட்டு மறுபடி வயரைக் கொடுத்தால் சில பெட்டிகள் ஒன்றும் நடக்காதது போல எழும்பிவிடும்.

பெட்டியைத் திறந்தால்

திறக்கும் முன் வயரைக் கழற்றிவிட வேண்டும். ஆளியை நிறுத்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். பெட்டியின் இரும்பை ஒருமுறை கையால் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் றாமைப் பழுதாக்கும்.

முதலில் கண்ணால் பாருங்கள், மூக்கால் மணந்து பாருங்கள். எரிந்த மணம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது? பல்லி செத்துக் காய்ந்து கிடக்கிறதா? எறும்பு புற்று வைத்திருக்கிறதா? இவை எங்கள் ஊர்ப் பெட்டிகளில் சாதாரணம். மதர்போட்டில் ஈயம் தொட்ட இரண்டு இடங்களுக்குக் குறுக்கே ஒரு பல்லி விழுந்தால் அதுவே ஷோட். தூசியை மெல்லிய பெயின்ற் தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம்.

மதர்போட்டில் சிறிய உருளைகள் நின்றுகொண்டிருக்கும். அவை கொள்ளளவிகள், கப்பாசிற்றர் என்பார்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். ஊதி மேலெழுந்தோ, கபில நிறத்தில் கசிந்தோ இருந்தால் பழுது. 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் தயாரான பல மதர்போட்டுகளில் தரங்குறைந்த கொள்ளளவிகள் போடப்பட்டு, உலகம் முழுவதுமே அவை வெடித்தன. வெளிநாடுகளிலிருந்து அன்பளிப்பாகவும் இரண்டாங்கையாகவும் வந்த பழைய பெட்டிகளில் இதைக் காணலாம். ஈயம் ஒட்டத் தெரிந்தவர் அவற்றை மட்டும் மாற்றிவிட முடியும்.

பிறகு இரண்டு செருகிகளைப் பாருங்கள். பவர் சப்ளையிலிருந்து மதர்போட்டிற்கு வரும் அகலமான 24 முனைச் செருகி ஒன்று. புரொசெசருக்குப் பக்கத்தில் 4 அல்லது 8 முனையுடன் சொருகும் சிறியது மற்றது. இரண்டையும் கழற்றி, ‘கிளிக்’ என்று கேட்கும்வரை மறுபடி இறுக்குங்கள். குண்டும் குழியுமான றோட்டில் ஓட்டோவில் வந்த பெட்டியில் இவை தளர்ந்திருக்கும்.

இப்போது பெட்டி திறந்தபடியே வயரைக் கொடுங்கள். உள்ளே கை வைக்காதீர்கள். மதர்போட்டில் எங்காவது சிறிய லைட் எரிகிறதா? எல்லா மதர்போட்டிலும் அது இருக்காது. இருந்து எரிந்தால், பவர் சப்ளையின் காத்திருப்பு மின்சாரமான 5 வோல்ற் வருகிறது என்று பொருள். அப்படி லைட் எரிந்தும் ஆளிக்கு அசையவில்லையென்றால், முன்பக்க ஆளியே பழுதாக இருக்கலாம். ஆளியிலிருந்து வரும் மெல்லிய வயர் மதர்போட்டின் ஓரத்தில் இரண்டு ஊசிகளில் சொருகியிருக்கும். வயரில் ‘பவர் சுவிச்’ என்ற குறிப்பு இருக்கும். மின்சாரத்தைக் கழற்றிவிட்டு அந்த வயரை இழுத்தெடுங்கள். பக்கத்தில் ‘ரீசெற்’ ஆளியின் வயர் இருக்கும். அதைக் கழற்றி, பவர் சுவிச் இருந்த ஊசிகளில் போடுங்கள். மறுபடி மின்சாரத்தைக் கொடுத்து ரீசெற் ஆளியை அமத்துங்கள். கணினி எழும்பினால் பழுது ஆளியில் மட்டுமே. அப்படியே ரீசெற் ஆளியைக் கொண்டு எத்தனை வருசமும் ஓட்டலாம். ஒரு சதமும் செலவில்லை.

பவர் சப்ளையைச் சோதிப்பது

லைட் ஒன்றுமே எரியாவிட்டால் பவர் சப்ளையைச் சந்தேகிக்க வேண்டும். மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, 24 முனைச் செருகியை மதர்போட்டிலிருந்து எடுங்கள். மற்ற எல்லாச் செருகிகளையும் கழற்றுங்கள். 24 முனைச் செருகியில் பச்சை வயர் ஒன்றுதான் இருக்கும். கறுப்பு வயர்கள் பல. ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்து, பச்சை வயரின் துளையையும் ஒரு கறுப்பு வயரின் துளையையும் இணையுங்கள். அதன் பிறகு சுவரில் மின்சாரத்தைக் கொடுங்கள். பவர் சப்ளையின் விசிறி சுற்ற வேண்டும். மின்சாரம் இருக்கும்போது கிளிப்பைத் தொடாதீர்கள், வேறு துளையில் மாறிச் சொருகாதீர்கள். புதிய பவர் சப்ளைகள் சிலவற்றில் எல்லா வயரும் கறுப்பாக இருக்கும். பெரிய நிறுவனங்களின் சில பெட்டிகளில் செருகியே வேறு அமைப்பு. அங்கே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

விசிறி சுற்றாவிட்டால் பவர் சப்ளை பெரும்பாலும் செத்துவிட்டது. சுற்றினால் அது சுகமாக இருக்கிறது என்று முடிவெடுக்கவும் கூடாது. மல்ரிமீற்றர் வைத்திருப்பவர்கள் கறுப்பு வயரோடு ஒப்பிட்டு அளக்கலாம். மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ற் வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, செம்மஞ்சளில் 3.14 முதல் 3.47 வரை இருக்க வேண்டும். ஊதா வயர் காத்திருப்பு மின்சாரத்திற்குரியது. கிளிப் போடாமலே அதில் 5 வோல்ற் நிற்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். அதற்குள் 300 வோல்ற்றுக்கு மேல் தேக்கி வைக்கும் கொள்ளளவி இருக்கிறது. வயரைக் கழற்றிய பிறகும் அது கையை உதறவைக்கும், ஆளையும் கொல்லும். அது முழுதாக மாற்றும் பொருள்.

ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்

பவர் சப்ளை நல்லது, ஆனாலும் விசிறி அசைந்து நிற்கிறது என்றால் ஏதோ ஒரு பாகம் ஷோட் ஆகிறது. டி.வி.டி. டிரைவ், வன்தட்டு, கிராபிக்ஸ் காட், முன்பக்க யு.எஸ்.பி. வயர் எல்லாவற்றையும் கழற்றி, மதர்போட், புரொசெசர், அதன் விசிறி, ஒரேயொரு றாம் ஆகியவற்றோடு மட்டும் விட்டுப் பாருங்கள். உயிர்த்தால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. ஒவ்வொரு முறையும் மின்சாரத்தைக் கழற்றிவிட்டே சேர்க்க வேண்டும்.

முன்பக்க யு.எஸ்.பி. துளைக்குள்ளும் பாருங்கள். பென் டிரைவைத் தலைகீழாகத் திணித்ததில் உள்ளே தகடு வளைந்து ஒன்றோடொன்று முட்டியிருந்தால் முழுக் கணினியும் எழும்பாது.

விசிறி சுற்றியும் திரை வராவிட்டால் றாமைக் கழற்றி, பொன்னிற முனைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் மெதுவாகத் தேயுங்கள். துகளை ஊதிவிட்டு, இரண்டு பக்கப் பூட்டும் விழும்வரை சொருகுங்கள். கடற்காற்று வீசும் முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கத்துப் பெட்டிகளில் இந்த ஒரு வேலையோடு உயிர்த்தவை பல.

மதர்போட்டில் நாணயம் போன்ற ஒரு பற்றரி இருக்கும். அதன் இலக்கம் சி.ஆர். 2032, அளவு 3 வோல்ற். நேரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைத்திருப்பது அது. அது செத்தால் பெரும்பாலும் கணினி உயிர்க்கும், ஆனால் திகதி பிழைக்கும். சில மதர்போட்டுகள் மட்டும் எழும்ப மறுக்கும். மின்சாரத்தைக் கழற்றிய பின் அதைச் சில நிமிடம் வெளியே எடுத்து வைத்துவிட்டுப் போட்டால் பழைய அமைப்புகள் அழிந்து புதிதாகத் தொடங்கும். படங்களுக்கு ஒன்றும் ஆகாது.

எங்கே நிறுத்த வேண்டும்

புகையைக் கண்டால், எரிந்த மணம் வந்தால், மின்சாரம் கொடுத்ததும் ட்ரிப் சுவிச் விழுந்தால் அதோடு நிறுத்துங்கள். வன்தட்டு ‘டக் டக்’ என்று அடித்தால் மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அது தன்னைத் தானே சுரண்டும்.

கடைக்குக் கொடுப்பதானால் இரண்டைச் சொல்லிக் கொடுங்கள். ‘கேட்காமல் போமட் அடிக்க வேண்டாம்.’ ‘கழற்றிய பழைய பாகத்தை என்னிடம் திருப்பித் தர வேண்டும்.’ வன்தட்டின் மேல் ஒட்டியிருக்கும் தொடரிலக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். நேர்மையான திருத்துநர் இதற்குக் கோபிக்கமாட்டார். உங்கள் படங்களும் ஆவணங்களும் பிறர் கண்ணில் படக்கூடாதவை என்றால், வன்தட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மீதியை மட்டும் கொடுக்கலாம். உயிர்க்கிறதா இல்லையா என்று பார்க்க வன்தட்டு தேவையில்லை.

மின்னலும் மின்வெட்டும்

வடக்கிலும் கிழக்கிலும் பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரத்தில் இடி மின்னல் கூட. மேகம் கறுத்தால் ஆளியை நிறுத்துவது போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்துவிடுங்கள். ரெலிபோன் கம்பி வழியாக இன்ரநெற் வருகிறதென்றால் அந்த வயரையும் கழற்றுங்கள். கம்பி வழியாக வரும் மின்னல் ரவுட்டரைத் தாண்டி மதர்போட்டிற்குள் போய்விடும்.

2022 பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த மாதங்களில் என் கடைக்கு வந்த பெட்டிகள் பல, மின்சாரம் போனபோது பழுதானவை அல்ல, வந்தபோது பழுதானவை. மின்சாரம் திரும்பி வரும் கணத்தில் அது கூடிக் குறைந்து வரலாம். போனவுடன் பிளக்கைக் கழற்றி, வந்து ஐந்து பத்து நிமிடம் பொறுத்துக் கொடுங்கள். மீள்குடியேறிய வீடுகள் சிலவற்றில் ஏர்த் கம்பி சரியாக இறக்கப்படவில்லை. பெட்டியின் இரும்பைத் தொடும்போது கை சுள்ளென்று கூசினால் அது ஏர்த் இல்லாததன் அறிகுறி. மின் வேலை தெரிந்தவரைக் கொண்டு பாருங்கள்.

அந்த அம்மாவின் பெட்டி

அவருடைய பெட்டியில் நான் முதலில் செய்தது வன்தட்டைக் கழற்றியது.

“அதை ஏன் தம்பி கழட்டுறீங்கள்?”

“பிள்ளையின்ர படம் இதுக்கதான் அம்மா இருக்கு. முதல்ல இதைக் காப்பாத்துவம். பெட்டியைப் பிறகு பாப்பம்.”

வன்தட்டை யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் ஒரு சிறிய கருவி என்னிடம் இருக்கிறது. அதைப் போட்டு என் கணினியில் கொடுத்தேன். வன்தட்டு சுற்றியது. ‘மாமா’ என்று பேத்தி பெயரிட்ட கோப்புறை ஒன்று தெரிந்தது. அதற்குள் 41 படங்கள். எல்லாவற்றையும் இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்த பிறகுதான் பெட்டிக்குத் திரும்பினேன்.

மதர்போட்டில் லைட் இல்லை. கிளிப் போட்டேன், பவர் சப்ளையின் விசிறி அசையவில்லை. மின்னல் அதோடு நின்றுவிட்டது. கழித்து வைத்த ஒரு பெட்டியிலிருந்து நல்ல பவர் சப்ளை ஒன்றை எடுத்துப் போட்டேன். லைட் எரிந்தது. வன்தட்டை மறுபடி பூட்டி ஆளியை அமத்தினேன். விசிறி சுற்றியது. ‘எரிஞ்சு போன’ போட் எழும்பியது.

திரையில் முதலில் வந்தது திகதி பிழை என்ற அறிவிப்பு. நாணயப் பற்றரி செத்திருந்தது. அப்படிச் செத்தால் மதர்போட் தனக்குத் தெரிந்த பழைய திகதிக்குத் திரும்பிப் போகும். இந்தப் பலகை தனக்குத் தெரிந்த முதல் நாளாகக் காட்டியது 2009 ஜனவரி 1.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இலக்கம் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எங்கே இருந்தோம் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. அதற்கு அடுத்த நாள்தான் கிளிநொச்சி விழுந்தது.

“அந்த வருசம் வேண்டாம் தம்பி. மாத்தி விடுங்கோ.”

புதுப் பற்றரி போட்டு இன்றைய திகதியை வைத்தேன்.

பிரதிகளைப் பற்றி அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். முக்கியமானது எதுவும் ஒரேயொரு இடத்தில் இருக்கக்கூடாது. மூன்று பிரதி இருக்கட்டும். இரண்டு வேறு வேறு வகைப் பொருளில் இருக்கட்டும். ஒன்று கணினியில் என்றால் மற்றது பென் டிரைவிலோ வெளி வன்தட்டிலோ இருக்கலாம். ஒன்றாவது உங்கள் வீட்டிற்கு வெளியே, வேறு ஊரில் அல்லது வேறு நாட்டில் இருக்கட்டும். வெள்ளம், கறையான், மின்னல், இடப்பெயர்வு எதுவும் ஒரே நேரத்தில் மூன்று இடத்துக்கும் போகாது. பென் டிரைவை வருசத்தில் ஒரு முறையாவது போட்டுத் திறந்து பாருங்கள். வருசக்கணக்கில் மின்சாரம் காணாத பென் டிரைவும் மறந்துவிடும்.

அன்றே பேத்திக்கும் படங்களை அனுப்பினோம். ஒரு பென் டிரைவை அம்மா சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். மற்றதை என்னிடம் நீட்டினார்.

“இது உங்களிட்ட இருக்கட்டும் தம்பி. நான் இல்லாத காலத்தில ஆராவது கேட்டு வந்தா குடுக்கோணும்.”

அது என் மேசை லாச்சியில், அவருடைய பெயர் எழுதிய கடித உறைக்குள் இருக்கிறது. ஒவ்வொரு ஐப்பசியிலும் எடுத்துக் கணினியில் போட்டு, 41 படமும் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வைக்கிறேன்.